என் அண்ணன் சாகிற படம்

சென்னையில் நான் பார்த்த முதல் தெரிந்த முகம் ஒரு சுவரில் இருந்தது. அதன்மேல் சாணி அடித்திருந்தார்கள்.

மந்தைவெளியில் ஆட்டோ சிக்னலுக்காக நின்றபோது கண்ணில் பட்டது அந்தச் சுவரொட்டி. இரண்டு ஆண்கள் படகின் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான். அந்த முகத்தை இயக்குநர் யாழினி என் கைப்பேசிக்கு முன்பே அனுப்பியிருந்தாள். படத்தின் பெயர் 'நனைஞ்ச சட்டை'. திரும்பிப் பார்ப்பவன் போட்டிருப்பது என் அண்ணன் கதிரேசனின் வேடம். அது என் அண்ணன் என்பது யாழினிக்கே தெரியாது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில் ஈப்போக்காரன், பெயர் தேவராஜன். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுப்பது தொழில். வாழ்நாளில் ஒரே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் கோலாலம்பூரில் வந்துகொண்டிருந்த ஒரு மாத இதழில், 'பேராக் மைந்தன்' என்ற பெயரில்; பேராக் எங்கள் மாநிலம். அண்ணனும் லாரி மெக்கானிக் அந்தோணியும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்த நாளில் அப்பா அண்ணனை வீட்டைவிட்டு அனுப்பினார். அந்த வருடம் எழுதிய கதை அது. கதையில் அண்ணன் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மூழ்கிச் சாகிறார். நிஜத்தில் அண்ணன் அந்தோணியோடு, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், தைப்பிங்கில் செடிகள் விற்கிறார்.

யாழினி அந்த இதழை ஏதோ ஒரு நூலகத்தில் கண்டெடுத்து, குட்டையைக் கடலாக்கி, பட்டினப்பாக்கத்தில் படம் எடுத்துவிட்டாள். கதைக்கு என் சம்மதக் கடிதம் வேண்டும், படத்தையும் வந்து பார்க்க வேண்டும் என்றாள். வரமாட்டேன் என்று மூன்று முறை எழுதிவிட்டு நாலாவது முறை வருகிறேன் என்று எழுதினேன். என் மனைவி விமலாவிடம் பல் மருத்துவச் சாமான் கண்காட்சி என்று சொன்னேன். அவளுக்குக் கதையும் தெரியாது, அந்தோணியையும் தெரியாது. அண்ணன் அப்பாவோடு நிலத்தகராறு செய்துகொண்டு போய்விட்டார் என்றுதான் கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தேன். அதையே அன்றுவரை காப்பாற்றி வந்தேன்.

எங்கள் நாட்டில் இந்த விஷயத்தில் சட்டம் இன்னும் பழையதுதான். இந்தியாவில் மாறிவிட்டது என்று படித்திருந்ததால் சென்னையில் பயமில்லை என்று நினைத்திருந்தேன். சாணியைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைக் கவனித்துவிட்டார். "அந்தப் படத்தையா பாக்குறீங்க? டிவில இதான் ஓடிக்கினு கீது சார். எங்க ஸ்டாண்டுல தெனம் இதே பஞ்சாயத்து" என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். படம் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த நாலு நாட்களில் நான் கேட்ட மிக நியாயமான விமர்சனம் அதுதான்.

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். விடுதிக்கு அரை மைல் முன்னாலேயே இறங்கி, பலகைகள் மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். விடுதிப் பதிவேட்டில் 'வந்த காரியம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'கோயில்' என்று எழுதினேன். பேனா எழுதவில்லை. இரண்டாவது முறை எழுத வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாயைக் கிழித்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். இங்கே என் இலையில் பாதிப் பொங்கல் இருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிட்டார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. நெய் அவ்வளவு மணமாக இருந்தும் பாதிதான் இறங்கியது.

எதிரில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா வீட்டில் தெலுங்குதான் என்பதால் எனக்குப் புரியும். படங்களை வாங்கி ஆந்திராவில் வெளியிடுகிறவர்கள் என்று தெரிந்தது. யாழினியின் படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர், இதை வாங்கினால் நம் ஊரிலும் கல்லெறிவார்களே என்றார். மற்றவர் வடையைப் பிட்டுச் சாம்பாரில் போட்டபடி சொன்னது: "கடைசியில் ஒருத்தன் செத்துவிடுகிறானாம். அப்படியென்றால் பரவாயில்லை. ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் நன்றியோடு உட்கார்ந்தார்.

தியாகராய நகரில் ஒரு வளையல் கடைக்கு மேலே இருந்தது யாழினியின் படத்தொகுப்பு அறை. படி ஏறும்போது ஒரு பக்கம் தோள் சுவரில் உரசியது. யாழினிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் நுழைந்தபோது தொலைபேசியில், "சரி சார், புரியுது சார், உங்க நிலைமை புரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு என்னை வணங்கினாள். ஆழ்வார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை படத்தைத் திரையிட ஒத்துக்கொண்டிருந்த அரங்கின் உரிமையாளர் இப்போது முடியாது என்கிறாராம். யாரோ நாலைந்து பேர் போய் அவரைப் பார்த்திருக்கிறார்கள்.

படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வந்துவிட்டது. பிரச்சினை முன்னோட்டத்தில் வந்த ஒரு காட்சியால் கிளம்பியிருக்கிறது. அம்மா, மகனையும் அவன் துணையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். தாய்மையைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ஓர் அமைப்பு கிளம்பிவிட்டது. மீனவர்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று இன்னொன்று. இதற்கிடையில், இப்படி வாழ்கிறவர்களையே நடிக்க வைக்காமல் வேறு நடிகர்களை ஏன் போட்டாய் என்று அந்தப் பக்கத்திலிருந்தும் சிலர் யாழினியைத் திட்டியிருக்கிறார்கள். அதில் நியாயம் இருப்பதாக அவளே சொன்னாள். தேடினேன், முகத்தைக் காட்ட யாரும் துணியவில்லை, இன்னும் கொஞ்சம் தேடியிருக்க வேண்டும் என்றாள்.

அந்தச் சோறு போடும் காட்சி என் கதையில் இல்லை. எங்கள் வீட்டிலும் அது நடக்கவில்லை. அண்ணன் பெட்டியோடு இறங்கியபோது அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சம்மதக் கடிதத்தில் பேராக் மைந்தன் என்றே கையெழுத்துப் போட்டேன். யாழினி அதை மடித்து வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குன்னு பேசறாங்க சார். முன்னாடியே ஒரு தமிழர் எழுதின கதைன்னு நீங்க பத்திரிகைக்காரங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொன்னா பெரிய உதவியா இருக்கும்."

முடியாது என்றேன். எனக்குக் குடும்பம் இருக்கிறது, ஊரில் இருபது பல் மருத்துவர்கள் என்னை நம்பி வேலை தருகிறார்கள், படம் ஒன்று வெளியானால் போதும், என்றெல்லாம் கேட்காத காரணங்களையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சரி சார் என்றாள். அவ்வளவுதான். அவள் வற்புறுத்தியிருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

கீழே இறங்கிப் பனகல் பார்க் பக்கம் நடந்தேன். பழுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் பின்னால் வருவதுபோல் தோன்றியது. ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, யாருக்கும் வேண்டாத சேலைகளைப் புரட்டிவிட்டு, வேறு வாசல் வழியாக வெளியே வந்தேன். அவர் அங்கேயும் இருந்தார். ஆட்டோ வரவழைக்கக் கைப்பேசியைத் தட்டினால் அது கேட்ட ரகசிய எண் என் மலேசிய இணைப்புக்கு வந்து சேரவில்லை. நின்றிருந்த பேருந்தில் எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறினேன். பழுப்புச் சட்டையும் ஏறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தார்.

"இன்னா சார், இவ்ளோ வேகமா ஓடுறீங்க. கண்ணாடிய எங்க கடை வாசப்படில விட்டுட்டீங்க" என்று என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை நீட்டினார். வளையல் கடைக்காரர். மூச்சு வாங்கியது அவருக்கு. நான் நன்றி சொல்வதற்குள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். நான் இறங்க முடியாமல் சைதாப்பேட்டை வரை போய், வெயிலில் திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை யாழினி என்னைப் பட்டினப்பாக்கத்துக்கு அழைத்துப்போனாள். படத்தில் அம்மாவாக நடித்த ஸ்டெல்லா அங்கே கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன் நடித்ததே இல்லை. யாழினி படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்தபோது, மீன் வாங்காமல் நிற்கிறாயே என்று ஸ்டெல்லா திட்டிய திட்டைக் கேட்டு அவரையே நடிக்க அழைத்திருக்கிறாள்.

ஸ்டெல்லா எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். பக்கத்துக் கடையிலிருந்து நெத்திலி வறுவல் வரவழைத்தார். எலும்பும் தலையும் சேர்த்துச் சாப்பிடுகிற மொறுமொறுப்பு. எங்கள் ஊரில் நெத்திலியைக் காயவைத்து வேர்க்கடலையோடு வறுத்துத் தேங்காய்ப்பால் சோற்றுக்கு வைப்பார்கள் என்றேன். பச்சையாகக் கிடைக்கும்போது ஏன் காயவைக்க வேண்டும் என்று கேட்டார். இன்னும் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வழக்கமாக வாங்குகிறவர்களில் சிலர் இப்போது இரண்டு கடை தள்ளிப் போகிறார்களாம். மருமகளின் அம்மா வீட்டுக்கு வந்து ஊரைக் கூட்டியிருக்கிறார். இதையெல்லாம் ஸ்டெல்லா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னார். கத்தி ஒரே சீராக இறங்கியது. என்னைக் கதை எழுதியவன் என்று யாழினி சொல்லவில்லை. மலேசியாவிலிருந்து வந்த விருந்தாளி என்றுதான் சொன்னாள்.

"பையன் அப்படின்னு தெரிஞ்சிபோச்சி. அவனையும் அவன் கூட்டாளியையும் உக்கார வச்சி சோறு போடறேன். அவ்ளோதான் சார் சீனு" என்றார் ஸ்டெல்லா. "பயமா இல்லைன்னு சொல்லமாட்டேன். பயமாதான் கீது. ஆனா சோறு போட்டது தப்புன்னு எப்டி சார் ஒத்துக்கறது?"

மறுநாள் படம் பார்க்க வருவீர்களா என்று யாழினி கேட்டாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார், ஸ்டெல்லா அவரோடு விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலைக்குள் வேறு இடம் கிடைத்தது. அடையாற்றில் ஒரு பரதநாட்டிய ஆசிரியை, தன் வீட்டு மாடியில் இருந்த வகுப்புக் கூடத்தைத் தர முன்வந்தார். நாற்பது பேர் உட்காரலாம். தெரிந்தவர்களுக்கு மட்டும் முகவரி அனுப்பினார்கள். ஞாயிறு பகல் மூன்று மணி. யாழினி அந்த முகவரியை எனக்குச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்தினாள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம், பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் நானும் தாழ்த்தினேன்.

ஞாயிறன்று விமலா காலையிலேயே அழைத்தாள். கண்காட்சி எப்படி இருக்கிறது என்றாள். நல்ல கூட்டம் என்றேன். சாப்பிட்டீங்களா என்றாள். பொய்க்கு நடுவில் வந்த ஒரே உண்மையான கேள்வி அது. சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இரண்டரைக்கு அடையாற்றில் அந்தத் தெருமுனைக்குப் போனபோது ஆட்டோ நின்றுவிட்டது. தெருவுக்குள் இருபது பேர் போல எதிர்ப்பு அட்டைகளோடு நின்றிருந்தார்கள். முகவரி எப்படியோ கசிந்துவிட்டது. வண்டிக்கு ஏதாவது ஆனால் என் பிழைப்பு போய்விடும் சார் என்றார் ஓட்டுநர். இறங்கி நடந்தேன். காலையில் கோயிலுக்குப் போய் வந்த திருநீறு நெற்றியில் இருந்தது. வயதும் இருக்கிறது. கூட்டத்தில் என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

ஒருவர், நாற்பது வயதிருக்கும், மோர்ப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தார். வெயில் ஜாஸ்தி, குடிங்க, எந்த ஊரு என்று விசாரித்தார். மலேசியா என்றதும் மிகவும் மகிழ்ந்து, அங்கிருந்து இதுக்காகவா வந்தீங்க என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. கையில் வைத்திருந்த அட்டையை, ஒரு நிமிஷம் பிடிங்க சார் என்று என்னிடம் தந்துவிட்டுத் தள்ளிப் போய்ப் பேச ஆரம்பித்தார்.

'எங்கள் கரையை அசிங்கப்படுத்தாதே' என்று எழுதியிருந்தது. சிவப்பு மை.

அதைக் கீழே வைத்திருக்கலாம். பக்கத்தில் நின்றவரிடம் தந்திருக்கலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்கு நேராக, எழுத்து வெளியே தெரியும்படி. ஒருவர் புகைப்படம் எடுத்தார். மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடமும் எனக்குப் பயம் இல்லை என்பதுதான் நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. சென்னைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக நான் பத்திரமாக இருந்தேன். அப்பா பக்கத்தில் நின்று, அண்ணன் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கும் இப்படித்தான் பத்திரமாக இருந்தேன்.

தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுச் சேலையில், தலைநிறையப் பூவோடு, ஸ்டெல்லா இறங்கினார். கூட அவருடைய தங்கை. கூட்டத்தில் யாரோ அடையாளம் கண்டு குரல் கொடுத்தார்கள். ஸ்டெல்லா யாரையும் பார்க்காமல், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தார். என்னைக் கடக்கும்போது முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

அட்டையை மோர் கொடுத்தவரிடமே தந்துவிட்டு ஸ்டெல்லாவுக்குப் பின்னாலேயே போனேன். எங்க சார் போறீங்க என்று அந்த ஆள் கேட்டது காதில் விழுந்தது. வாசலில் ஒரு பெண் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றாள். பேராக் மைந்தன் என்றேன். கதவைத் திறந்தாள்.

கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றியும் வியர்த்தது. ஸ்டெல்லா முன்வரிசையில் இருந்தார். நான் கடைசி வரிசையில் மூலையில் உட்கார்ந்தேன். படம் நன்றாகவே இருந்தது. அண்ணனாக நடித்தவன் சிரிக்கும்போது அண்ணனைப்போல ஒரு பக்கமாகத்தான் சிரித்தான். நான் அதை எழுதியது எனக்கே மறந்துபோயிருந்தது. சோறு போடும் காட்சியில் கூடத்தில் யாரும் அசையவில்லை. ஸ்டெல்லா திரையில் ரசத்தை ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்கிறார். அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசிப் பகுதியில் கதவு தட்டப்பட்டது. ஒரு காவல்துறை அதிகாரி உள்ளே வந்தார். யாழினி எழுந்துபோய்ச் சான்றிதழைக் காட்டினாள். அதைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்துவிட்டு, சீக்கிரம் முடிங்கம்மா, கீழே நான் பார்த்துக்கறேன் என்றார். ஆனால் உடனே போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, கரையில் பிணம் ஒதுங்குவது வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

விளக்குப் போட்டதும் கைதட்டினார்கள். சிலர் கேள்வி கேட்டார்கள். பிறகு நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். என் வயதுதான். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் நாம் எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய மனிதர்.

"நான் சைதாப்பேட்டை, மேடம். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரோட இருக்கேன். காலைல யாரு பால் வாங்கிட்டு வர்றதுன்னு இன்னமும் சண்டை" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "படத்தைக் குறை சொல்லல. ஆனா எங்களப் பத்தி எடுத்தா கடைசில ஒருத்தன் செத்தே ஆகணுமா? வயசாகி, சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு, உயிரோட இருக்கறமாதிரி ஒருத்தனையும் காட்டமாட்டீங்களா?"

நான் இருந்த மூலைப் பக்கம் யாழினியின் கண் வரவேயில்லை. வராமல் பார்த்துக்கொண்டாள் என்று எனக்குப் புரிந்தது. கடைசியில், கதையில் இருந்தபடி எடுத்தேன் சார், எழுதினவர் ஏன் அப்படி எழுதினார்னு நான் கேக்கல, கேட்டிருக்கணும் என்றாள்.

நான் எழுந்தேன். முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் எழுதினேன். என் பேரு தேவராஜன். அது என் அண்ணன் கதை. அண்ணன் சாகல. உயிரோட இருக்கார், அவர் கூட்டாளியோட. கதையில நான்தான் சாகடிச்சேன்."

சைதாப்பேட்டைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் சார்?"

செத்துவிட்டால் எல்லாரும் மன்னித்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றேன். அண்ணனை மன்னிக்கவேண்டியிருந்தது என்று அப்போது நம்பினேன் என்றும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். மன்னித்தேன் என்றோ, நல்லது என்றோ அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தபோது ஸ்டெல்லா என்னிடம் வந்தார். கீழே நான் பிடித்திருந்த அட்டையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டார். ஒருத்தர் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன் என்றேன். "இனிமே பிடிக்காத சார்" என்றார். தங்கையோடு இறங்கிப் போனார்.

படத்தின் முடிவை இனி மாற்ற முடியாது என்று யாழினி சொன்னாள். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் சேர்க்கலாம், இந்தக் கதையின் மனிதர் உண்மையில் உயிரோடு இருக்கிறார் என்று. அண்ணனிடம் கேட்க வேண்டும் என்றேன். அண்ணனிடம் நான் பேசி ஆறு வருடம். அப்பா இறந்த அன்று செய்தி சொல்ல அழைத்ததுதான். அவர் வரவில்லை.

அடையாற்றிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்துபோனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பஜ்ஜிக் கடைகளுக்கு அப்பால், ஆள் குறைவான இடத்தில் மணலில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"என்ன தேவா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் அழைத்தால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

யாருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கதை, படம், சாணி, இன்று நடந்தது.

"எப்படிச் செத்தேன்?" என்றார்.

"குட்டையில மூழ்கி."

"எனக்கு நீச்சல் தெரியுமேடா. உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே."

வேறு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை அண்ணே என்று சொன்னேன். அந்தோணியையும் கொன்றுவிட்டாயா என்று கேட்டார். இல்லை, அவர் கரையில் நின்று அழுகிறார் என்றேன். அவன் அழமாட்டான், என்னைத் திட்டுவான் என்றார். சிரிக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வரியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தன் பெயர் வேண்டாம், செடி வாங்க வருகிறவர்கள் பலவிதம் என்றார். "உன் பேரப் போடு" என்றார். போடுகிறேன் என்றேன்.

போட்டார்கள். படம் இரண்டு மாதம் கழித்து மூன்று அரங்குகளில் ஒரு வாரம் ஓடியது. ஓர் அரங்கில் இரண்டாம் நாளே எடுத்துவிட்டார்கள். தெலுங்குக்காரர்கள் வாங்கவில்லை. என்னிடம் வேலை தந்துகொண்டிருந்த பல் மருத்துவர்களில் இருவர் நிறுத்திக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை.

அன்று அண்ணனிடம் பேசி முடித்ததும், தைரியம் ஆறுவதற்குள் விமலாவை அழைத்தேன். கண்காட்சி எதுவும் இல்லை, ஒரு படம் பார்க்க வந்தேன், அதைப் பற்றி நேரில் சொல்கிறேன், இப்போது அண்ணனிடம் பேசினேன் என்றேன். எந்த அண்ணன் என்று அவள் கேட்பாள், நிலத்தகராறில் ஆரம்பித்து விளக்க வேண்டும் என்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை.

"அந்தோணிக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே" என்றாள். "இப்ப நடக்கிறாராமா?"

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல. கேக்கல" என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க" என்றாள் விமலா.